ஆடாமல் எடுத்த நெஞ்சுப் படம்

என் இடது தோளில் ஒரு காய்ப்பு இருக்கிறது. பெரிய நாணயக் குற்றி அளவு. லண்டனில் எங்கள் முருகன் கோயில் திருவிழாவில் இருபத்திரண்டு வருடம் சுவாமி தூக்கியதில் வந்தது. வாகனத்தின் இரண்டு பக்கமும் நீளத் தண்டுகள் (தோளில் வைத்துச் சுமக்கும் மரங்கள்) இருக்கும். நான் எப்போதும் வலப்பக்கத் தண்டில், முன்னாலிருந்து இரண்டாவது ஆள். வலப்பக்கத் தண்டுக்கு இடது தோளைத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே திருவிழா முடிந்தபின் இரண்டு மூன்று கிழமை (வாரம்) இடது தோள் நோகும். அதை நாங்கள் வருத்தம் (நோய்) என்று சொல்வதில்லை. முருகன் தந்த சம்பளம் என்போம்.

போன வருடம் அந்த நோ போகவில்லை.

ஆவணி போய் ஐப்பசி வந்தும் இருந்தது. லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறிப் பகுதி என் பொறுப்பு. வாழைக்காய்ப் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது தோளில் தொடங்கும் நோ, இடது நெஞ்சுக்குள் இறங்கும். யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகிற தெரு கொஞ்சம் ஏற்றம். ஒரு நாள் அந்த ஏற்றத்தில், பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சொல்லவில்லை.

கோயிலில் சுவாமி தூக்க ஆட்களை ஒழுங்கு பண்ணுபவர் சிவம் அண்ணை. அவரிடம் மட்டும் சொன்னேன்.

“அது தண்டு தாற நோ. எனக்கும்தான் இருக்கு. தைலத்தைப் போட்டிட்டுப் படும்” என்றார்.

தைலத்தைப் போட்டுவிட்டுப் படுத்தேன். மனைவி கலாதான் தேய்த்துவிடுவாள். ஒன்றரை மாதம் அப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து அண்ணி பேசினார். என் மூத்த அண்ணையின் மனைவி. அண்ணை நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார். காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு, கதிரையில் (நாற்காலியில்) இருந்தபடி சப்பாத்து (ஷூ) போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு காலில் போட்டார். மற்றதைப் போடவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழும் நாலு மாதமும். எனக்கு வருகிற தையில் ஐம்பத்தேழு தொடங்க இருந்தது.

கதையோடு கதையாகக் கலா என் தோள் நோவைச் சொல்லிவிட்டாள். அண்ணி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“தம்பி, உங்கட அண்ணையும் இப்பிடித்தான் சொன்னவர். ஒரு மாதமா இடது தோள் நோ எண்டவர். நானும் தைலம்தான் போட்டு விட்டனான்.”

அண்ணி அழவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கலா ஜீ.பி.க்கு (குடும்ப டொக்டருக்கு) போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜீ.பி. இரத்தம் எடுத்தார். ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரைகிற சோதனை) எடுத்தார். கோடு நல்லாக இருந்தது. இரத்தத்தில் கொழுப்புக் கூடியிருந்தது. அண்ணையின் கதையைக் கேட்டதும், ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோவுக்கென்று இருக்கிற பிரிவுக்கு எழுதிவிட்டார்.

அங்கே எங்களைப் பார்த்த டொக்டர் தமிழ்நாட்டுப் பெண். சிந்து வயதிருக்கும் என்று நினைத்தேன். சிந்து எங்கள் மகள், இருபத்தாறு. பிறகு பார்த்தால் டொக்டருக்கு அந்த வயதில் மகனே இருக்கிறானாம்.

“ஈ.சி.ஜி. நல்லா இருக்கு. ஆனா அதை மட்டும் வச்சு உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அண்ணன் அம்பத்தேழுல போயிருக்கார், உங்களுக்குக் கொழுப்பு இருக்கு, வலி இடது பக்கம். இதய நாடிய ஒரு சி.டி. எடுத்துப் பாத்துடலாம்.”

இதய நாடி என்பது இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற குழாய்கள். முக்கியமாக மூன்று. அவற்றில் கொழுப்புப் படிந்து வழி சுருங்கினால் நெஞ்சு நோகும், அடைத்தால் மாரடைப்பு. சி.டி., நாங்கள் சொல்கிற சி.ரி. ஸ்கான், என்பது உடம்பைச் சுற்றி வந்து, மெல்லிய துண்டு துண்டாகப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே. கையில் ஊசியால் ஒரு சாயத்தை விட்டு, அது இதய நாடிகளுக்குள் ஓடும் நேரம் பார்த்துப் படம் எடுப்பார்கள். எங்கே சுருங்கியிருக்கிறது என்று அதில் தெரியும்.

நான் கேட்ட முதல் கேள்வி, “அதில கதிர் போகுமோ டொக்டர்?”

போகும் என்றார். “அப்ப வேண்டாம்” என்றேன்.

காரணம் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் கலாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்தபின், கிழமைக்கு ஐந்து நாள் வீதம் மூன்று கிழமை கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். முடிவில் அவளுடைய தோல், வெயிலில் விட்ட வாழையிலைபோல் கறுத்துச் சுருண்டது. கிறீம் பூசிவிட்டது நான். கடவுள் புண்ணியத்தில் அவள் இன்று சுகமாக இருக்கிறாள். ஆனால் கதிர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தத் தோல்தான் கண்ணில் வரும்.

“மணிக்கட்டால ஒரு குழாய் விட்டுப் பாப்பினமாமே, அதைச் செய்யுங்கோ” என்றேன்.

“அதுலயும் எக்ஸ்ரேதான் ஐயா” என்றார் டொக்டர்.

பக்கத்திலிருந்த கலா டொக்டரைப் பார்த்துச் சொன்னாள். “நான் பதினைஞ்சு நாள் அதுக்குக் கீழ படுத்து எழும்பி, வீட்டை வந்து இவருக்குச் சோறும் போட்டனான். இவர் அஞ்சு நிமிசத்துக்கு நடுங்கிறார்.”

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை எனக்குப் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். கலாவுக்குக் கொடுத்தது கெட்ட கலங்களை (செல்களை) அழிப்பதற்கு, அது மருந்து, இது படம் பிடிப்பதற்கு மட்டும், இரண்டும் அளவில் கிட்டவும் நிற்காது என்று விளக்கினார்.

“முன்னெல்லாம் இந்தப் படத்துக்குக் கதிர் நிறையத் தேவைப்பட்டுச்சு. இப்ப மெஷின் உங்க துடிப்பைப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இதயம் ஒரு நொடித் துணுக்கு ஓய்வா நிக்கும் பாருங்க, அப்ப மட்டும் கதிர் விடும், மத்த நேரம் அணைச்சிடும். நாம சும்மா நடமாடினாலே மண்ணுலருந்தும் வானத்துலருந்தும் கொஞ்சம் கதிர் உடம்புல பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணு ரெண்டு வருஷத்துல அப்படி வர்ற அளவுதான் இது.”

பிறகு விரலை நீட்டினார். “ஆனா ஒண்ணு. இதயம் மெதுவாத் துடிக்கணும். நிமிஷத்துக்கு அறுபது, அல்லது அதுக்குக் கீழ. வேகமா அடிச்சா ஓய்வே இருக்காது. மெஷின் அதிக நேரம் கதிர் விடணும், படமும் கலங்கிப் போகும். அது உங்க கையிலயும் இருக்கு.”

அது எனக்கு உடனே விளங்கியது. சுவாமி வீதியில் ஆடி ஆடி வரும்போது சனங்கள் போனில் எடுக்கிற படத்தில், முருகனின் முகம் இரண்டாகத் தெரியும். வாகனத்தை நிறுத்தித் தீபம் காட்டும் நேரத்தில் எடுத்தால், வேலின் கூர்கூடத் தெரியும். இதயத்துக்கும் அப்படி ஒரு நிற்கிற நேரம் இருக்கிறது என்று நான் அதுவரை அறியவில்லை.

“சரி, எடுங்கோ” என்றேன்.

கடிதம் வந்தது. ஸ்கான் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கடிதத்தைப் படம் பிடித்துச் சிந்துவுக்கு அனுப்பினேன். அவள் மத்தியானம் கடைக்கு போன் பண்ணினாள். நான் ஒரு கையால் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இருபத்துநாலு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி, கோப்பி, கோக், சொக்லேற் ஒண்டும் கூடாது. சாப்பாடு கொஞ்சமாச் சாப்பிடலாம், தண்ணி நல்லாக் குடிக்கோணும். விரதம் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோவன்.”

அவள் கடைசியாகச் சொன்னதில் ஒரு சொல்தான் என் மனதில் நின்றது. விரதம். அது எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். அதுவும் வெள்ளிக்கிழமை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவன் நான்.

எங்கள் வீடுகளில் விரதம் என்றால் சாப்பாடு இல்லை. ஆனால் பிளேன்ரீ (பால் விடாத தேத்தண்ணி) கணக்கில் வராது. அது வயிற்றுக்குப் பிடிக்கிற ஒரு ஊன்றுகோல். அம்மா குடித்தார், அப்பா குடித்தார், கோயில் ஐயரும் குடிப்பார். ஆகவே நான் வியாழன் பின்னேரத்திலிருந்து ஒரு பருக்கை வாயில் வைக்காமல், ஐந்து பிளேன்ரீ குடித்தேன். கடைசி ஒன்று வெள்ளி காலை பஸ்ஸுக்கு வெளிக்கிட முன். கடும் தேயிலை, சீனியும் அதிகம். கலா வயோதிபர் இல்லத்தில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். தடுக்க ஆளில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சிந்து அரை நாள் லீவு எடுத்து வந்தாள். ஒரு பத்திரம் தந்தார்கள். அவள் கேள்விகளை வாசித்து, நான் சொல்வதை நிரப்பினாள். இழுப்பு இருக்கிறதா, சிறுநீரக வருத்தம் இருக்கிறதா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா. ஒரு கேள்வியில் நின்றாள்.

“இதுக்கு நான் ‘இல்லை’ எண்டு போடுறன்.”

“என்ன கேள்வி பிள்ளை?”

“அப்பா, அடுத்ததைப் பாப்பம்.”

பிறகுதான் தெரிந்தது, அது ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுப்பீர்களா என்ற கேள்வி. ஸ்கானுக்கு முன் நாக்குக்குக் கீழே ஒரு மருந்து (நாடிகளை விரியச் செய்கிற ஸ்பிரே) அடிப்பார்கள். அந்த மாத்திரையும் இந்த ஸ்பிரேயும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் படுகுழிக்குப் போய்விடும். இதை வாசிக்கிற ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பத்திரத்தை நீங்களே தனியாக நிரப்புங்கள், உண்மையை எழுதுங்கள். பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

தாதி, பிலிப்பைன்ஸ் பெண், தேத்தண்ணி கோப்பி குடித்தீர்களா என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெருமையாகவே சொன்னேன், நான் விரதம், நேற்றிலிருந்து ஒன்றும் இல்லை என்று. அவள் என் துடிப்பை அளந்தாள். எண்பத்தெட்டு.

துடிப்பைக் குறைக்கிற மாத்திரை தந்தார்கள். ஒரு மணித்தியாலம் இருந்தோம். எண்பது. இன்னொன்று தந்தார்கள். எழுபத்தாறு. அதற்குக் கீழே இறங்கவில்லை. கண்ணை மூடித் திருப்புகழ் சொல்லிப் பார்த்தேன். திருப்புகழின் சந்தம் இதயத்தை மெதுவாக்குகிற சந்தம் இல்லை. எழுபத்தொன்பது.

தாதி மறுபடி வந்து, இந்தமுறை ஆறுதலாகக் கேட்டாள். காலையில் உண்மையிலேயே ஒன்றும் குடிக்கவில்லையா?

“பிளேன்ரீ மட்டும்தான்” என்றேன்.

எத்தனை என்று கேட்டாள். ஐந்து விரலைக் காட்டினேன். சிந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து டொக்டர் ஒருவர் வந்தார். இப்போதும் எடுக்கலாம், ஆனால் கதிர் கூடப் போகும், படமும் தெளிவாக வராமல் போகலாம், உங்கள் நிலை அவசரமானது இல்லை, வேறொரு நாள் வருகிறீர்களா என்று கேட்டார். கதிர் கூட என்றதும் நான் எழும்பிவிட்டேன். பத்து நாள் தள்ளித் திகதி தந்தார்கள்.

பஸ்ஸில் சிந்து ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். “நான் சொன்னனான்தானே அப்பா, தேத்தண்ணி கூடாதெண்டு.”

“நீ விரதம் எண்டு சொன்னனீ.”

“மாதிரி. விரதம் மாதிரி எண்டு சொன்னனான்.”

பின்னேரம் கலாவிடம், இது முருகன் தடுத்தது, எடுக்க வேண்டாம் என்பதற்கு அடையாளம் என்றேன். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“முருகன் தடுக்கேல்லை. தேயிலை தடுத்தது. விரதத்தில தேத்தண்ணியைக் கடவுள் கண்டும் காணாமல் விடுவார். மெசின் விடாது.”

அந்தப் பத்து நாள்தான் எனக்குக் கடினம். அதுவரை நான் கதிருக்குப் பயந்தேன். இப்போது உள்ளே இருப்பதற்குப் பயந்தேன். தேவாரம் படிக்கும்போதும் விரல் மணிக்கட்டில் நாடியைத் தேடியது. அண்ணைக்கு உள்ளே அடைப்பு இருந்தது என்று அவர் போகும்வரை ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் ஒரே அப்பா, ஒரே இரத்தம். எனக்குள்ளும் அதே இடத்தில் அதே அடைப்பு இருக்கிறதா? அது ஒன்றுதான் கேள்வி.

இன்னொன்றும் செய்தேன். அண்ணி தோள் நோவைச் சொன்ன நாளிலிருந்து, கதிரையில் இருந்து சப்பாத்துப் போடுவதை விட்டுவிட்டேன். சுவரில் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றபடி போடுவேன். வேலைக்கு வெளிக்கிடுகிற ஒரு காலையில் கலா அதைக் கண்டுவிட்டாள்.

“ஏன் நிண்டுகொண்டு போடுறியள்?”

“சும்மா.”

அவளுக்கு விளங்கிவிட்டது. குனிந்து நாடாவைக் கட்டிவிட்டாள். கட்டிக்கொண்டே சொன்னாள். “எனக்குக் கதிர் தந்த முதல் ரெண்டு நாளும்தான் பயம். மூண்டாம் நாள் கூரையில இருக்கிற ஓட்டையளை எண்ணத் தொடங்கிட்டன். நூற்றிப் பதினெட்டு. சுகப்படுத்து எண்டு கேக்கிறதையும் விட்டிட்டன். இண்டைக்கு ஆடாமல் படுத்திருக்க வேணும், அது மட்டும்தான் கேட்டனான்.”

ஆறு வருடத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து நானும் என் வேண்டுதலைச் சின்னதாக்கினேன். நாடி சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இருப்பது இருக்கிறது. படம் ஆடாமல் வர வேண்டும், முருகா. அவ்வளவுதான்.

இரண்டாம் முறை திங்கட்கிழமை. கலா லீவு எடுத்தாள். சனிக்கிழமையே தேயிலைப் பேணியை (டப்பாவை) தன் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிறு முழுக்க எனக்குத் தலையிடி. டொக்டர் சொன்னபடி துடிப்புக் குறைக்கிற மாத்திரையை முதல் நாளிரவே ஒன்றும், காலையில் ஒன்றும் எடுத்தேன். இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். அதே தாதி. என்னைக் கண்டதும் ஐந்து விரலைக் காட்டிச் சிரித்தாள். நான் கையை மூடிக் காட்டினேன்.

துடிப்பை அளந்தாள். ஐம்பத்தெட்டு. அண்ணையின் ஐம்பத்தேழைத் தாண்டிவிட்டது என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

கழுத்திலிருந்த உருத்திராட்சத்தைக் கழற்றிக் கலாவிடம் கொடுத்தேன். நெஞ்சில் வயர் ஒட்டுவதற்கு, பூசியிருந்த விபூதியில் ஒட்டுகிற இடங்களை மட்டும் தாதி துடைத்தாள். மற்றதை விட்டுவிட்டாள். ஸ்கான் மெசின் குகை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உழுந்துவடையை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு வளையம், நடுவில் ஓட்டை. முகம் வெளியேதான் இருந்தது. நாக்குக்குக் கீழே ஸ்பிரே அடித்தார்கள். அதில் தலை கொஞ்சம் நொந்தது.

சாயம் போகும்போது தொண்டையில் ஒரு சூடு தொடங்கி, வயிறு வழியாகக் கீழே இறங்கும். கட்டிலை நனைத்துவிட்டோமோ என்று தோன்றும். நனைக்கவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் தோன்றியது. ஆகவே நானும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

மெசின் ஆங்கிலத்தில் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். சரவணபவ என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லி முடித்து, இரண்டாம் முறை பாதியில் வரும்போது, மூச்சை விடலாம் என்றது. அவ்வளவுதான். இதற்கா இந்தப் பாடு என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும் கலா உருத்திராட்சத்தைக் கழுத்தில் போட்டுவிட்டு, ஒரு பெரிய போத்தல் தண்ணீரைக் கையில் தந்தாள். சாயம் கழிந்து போக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இரண்டு கிழமை கழித்துத் தமிழ்நாட்டு டொக்டரிடம் போனோம். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“படம் எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க. கதிரும் ரொம்பக் கொஞ்சம்தான் போயிருக்கு.”

என் இதயத்தை நான் பார்த்தேன். சாம்பல் நிறம். அதன்மேல் வேர்போல் நாடிகள் ஓடின. என் வாழ்நாள் முழுவதும் எனக்குத் தெரியாமல் வேலை செய்த ஒன்றை முதல்முறை முகம் பார்ப்பதுபோல் இருந்தது. கைகூப்ப வேண்டும்போல் வந்தது. டொக்டர் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாடியில், முன்பக்கம் இறங்குகிற பெரிய நாடியில், ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

“இது கொழுப்புப் படிஞ்சு சுண்ணாம்பு மாதிரி கட்டினது. சுருக்கம் கால்வாசிகூட இல்ல. மத்த ரெண்டும் சுத்தம். ஸ்டென்ட் எதுவும் வேண்டாம்.”

ஸ்டென்ட் என்பது சுருங்கிய நாடியை விரித்துப் பிடிக்க வைக்கிற சின்னக் கம்பிக் கூடு. வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் கலா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. என்னைவிட அவள்தான் பயந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு ஏறியது.

“அப்ப அந்த நோ?” என்று கேட்டேன்.

“இந்தப் புள்ளியால அந்த வலி வந்திருக்காது.” டொக்டர் எழும்பி வந்து, என் இடது தோள் மூட்டுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் இரண்டு விரலால் அழுத்தினார். நான் கதிரையோடு துள்ளினேன். “இதுதானே? தசையும் மூட்டும். அப்படி என்ன பண்றீங்க இந்தத் தோளை வச்சு?”

“சாமி தூக்கிறவர் டொக்டர். இருபத்திரண்டு வருசமா ஒரே தோள்” என்றாள் கலா.

சிவம் அண்ணை சொன்னது சரிதான். தண்டு தந்த நோதான். ஆனால் தைலத்தோடு நின்றிருந்தால் அந்தப் புள்ளி யாருக்கும் தெரிந்திராது. அது நோகாது, கத்தாது, ஈ.சி.ஜி.யிலும் வராது. சும்மா இருந்து வளர்ந்திருக்கும். இப்போது அதற்கு மாத்திரை உண்டு. ஸ்ரற்றின் என்பது பெயர், இரத்தக் கொழுப்பைக் குறைத்து, படிந்ததைப் பெருகாமல் வைத்திருக்கும்.

கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன். “என்ர அண்ணைக்கும் நேரத்துக்கு இப்பிடி ஒரு படம் எடுத்திருந்தால்?”

டொக்டர் தன் கதிரையில் போய் இருந்தார். “தெரியல ஐயா. அவரைப் பாக்காம நான் சொல்லக் கூடாது.”

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லியிருந்தால் அண்ணியிடம் நான் என்ன சொல்வேன்?

கடைசியாக, சாமி தூக்கலாமோ என்று கேட்டேன். “தூக்குங்க. தோளை மாத்துங்க. நெஞ்சு அழுத்தினா, மூச்சு வாங்கினா, எறக்கி வச்சிட்டு ஒதுங்கிடணும். கௌரவம் பாக்கக் கூடாது” என்றார்.

எனக்கு வந்தது இதய நோ இல்லை என்பதற்காக உங்களுக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருந்து ஆறியும் போகாத நெஞ்சு நோ என்றால் உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தைலப் போத்தலைத் தேடாதீர்கள். ஸ்கானுக்குக் கடிதம் வந்தால் கதிருக்குப் பயந்து ஒளிக்காதீர்கள். பயத்தை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேத்தண்ணியையும் சொல்லுங்கள்.

தை வந்தது. ஐம்பத்தேழு தொடங்கியது. ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரை, ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் கலாவோடு நடை. சித்திரை முடிந்து வைகாசி வந்தபோது, சமையலறைக் கலண்டரில் ஒரு நாளை மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். அண்ணை இருந்த வயதை நான் கடக்கிற நாள். அதுவரை என் ஆயுள் அந்த நாளோடு முடிகிற ஒரு தெருபோல் இருந்தது. அன்று காலை நான் கதிரையில் இருந்தேன். வலது காலில் சப்பாத்தைப் போட்டேன். கொஞ்சம் பொறுத்தேன். இடது காலிலும் போட்டேன். எழும்பி வேலைக்குப் போனேன். இனி அண்ணையைவிட நான் மூத்தவன். அவருக்குக் கிடைக்காத நாட்களில் இருக்கிறேன். அவை எனக்குச் சொந்தமான நாட்கள் என்று நினைக்க இன்னும் பழகவில்லை.

ஆவணியில் திருவிழா. சிவம் அண்ணையிடம் இடப்பக்கத் தண்டைக் கேட்டேன்.

“உமக்கென்ன, இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு கட்சி மாறுறீரோ?” என்றார். ஆனாலும் இடம் தந்தார்.

வலது தோளுக்குத் தண்டு புதிது. மரம் எங்கே உட்காருவது என்று அதற்குத் தெரியவில்லை. வாகனம் வெளியே வந்து வீதியில் திரும்பியதும்தான் கவனித்தேன். இத்தனை வருடமும் நான் பார்த்தது வீதியின் ஒரு கரையை மட்டும். கடைகள், பொலிஸ் தடுப்பு, ஆண்கள் நிற்கிற பக்கம். இப்போது மற்றக் கரை. பெண்களும் பிள்ளைகளும் நிற்கிற பக்கம். அங்கே, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், அர்ச்சனைத் தட்டோடு கலா நின்றாள். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில்தான் நிற்பதாகச் சொல்லுவாள். நான் கண்டதில்லை.

வாகனத்தை நிறுத்தினோம். ஐயர் தீபம் காட்டினார். சனங்கள் போனை உயர்த்தினார்கள். மேளம் நின்ற அந்த இடைவெளியில் என் துடிப்பு எனக்குக் கேட்டது. ஆறுதலாக அடித்தது.

கலா சுவாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். எனக்குக் கை இரண்டும் தண்டில். ஒன்றுமில்லை, சுகம் என்று தலையை ஆட்டினேன். தலையோடு தோளும் ஆட, தண்டு அசைந்தது.

“அண்ணை, ஆடாதேங்கோ. படம் எடுக்கினம்” என்றார் பின்னால் நின்றவர்.